சித்தி முறை

அந்த ஆய்வகத்தில் அவளுக்குச் சுத்தம்மா என்று பெயர். யார் வைத்த பெயரென்று யாருக்கும் நினைவில்லை, வைத்தவரைக் குறை சொல்லவும் முடியாது. மேசையைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியையும் ஒருமுறை துடைப்பாள் என்று கேலி பேசுவார்கள். எலும்பறைக்குப் போக இரண்டு கதவுகள். அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தலைக்கு, வாய்க்கு, காலுக்கு, கைக்கு இரட்டையாக என்று அவள் உறை மாட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் டீ குடித்துவிட்டு ஊர்வம்பும் பேசிவிட்டு வந்துவிடலாம். அவளுக்கு அந்த இடம் பிடிக்கும். வெளிச்சத்தம் எதுவும் அங்கே எட்டாது. காற்றை வடிகட்டும் இயந்திரம் மட்டும் தூங்குகிறவர் மூச்சு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே நின்றால் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணலாம். காண்பாள்.

அவளுடைய வேலை, பெயரில்லாத எலும்புக்குப் பெயர் தேடுவது. ஏரியில் மிதந்தவர், தீயில் கருகியவர், காட்டோரம் யாரோ போட்டுவிட்டுப் போனவர் என்று போலீஸ் கொண்டுவரும். அவள் பல்லையோ தொடை எலும்பையோ பொடியாக்கி, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, ஆளைக் காணோம் என்று அழுதுகொண்டு வந்தவர்களின் எச்சிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். சில நேரம் பொருந்தும். பொருந்தினால் ஒரு வீட்டில் அழுகை தொடங்கும், காத்திருப்பு முடியும். இரண்டில் எது பெரிய கொடுமை என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியும். அவள் காத்திருக்கிற வீட்டில் பிறந்தவள்.

அவள் அம்மாவுக்கு ஒரே தங்கை. வீட்டில் சின்னது என்பார்கள். பதினாறு வயதுச் சின்னது, தையல் கடைக்குப் போய்த் துணி வாங்கிவருகிறேன் என்று கிளம்பினாள். துணியை வாங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வரவில்லை. அப்போது சுத்தம்மா அம்மா வயிற்றில் இருந்தாள். அந்த வயிற்றோடு அம்மா தெருத்தெருவாக அலைந்தாளாம். பிறகு பிள்ளை பிறந்தது, வளர்ந்தது, படித்தது, வேலைக்கும் போனது. அம்மா குறையொன்றும் வைக்கவில்லை. குளிப்பாட்டினாள், தலை வாரினாள், பாடம் கேட்டாள். கண் மட்டும் மகளின் தோளைத் தாண்டித் தெருவில் இருக்கும். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கி ஓடிவந்தால், "அப்படியா கண்ணு" என்பாள், தெருவில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து போய்விடுவாள். காணாமல் போன சித்தி மேல் பிள்ளைக்குப் பொறாமை வந்தது என்றால் சிரிப்பீர்கள். வந்தது. என்றைக்காவது சித்தியைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டால் அம்மா தன் பக்கம் திரும்புவாள் என்று அந்த வயதிலேயே அவள் முடிவு கட்டிவிட்டாள். இந்த வேலைக்கு வந்ததும் அதனால்தான். அந்தக் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் இப்போது அம்மாவும் அவளும் மட்டும். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவள் கல்யாணம் என்று ஒன்றைச் செய்துகொண்டு, சரிப்படாமல், பிள்ளை குட்டி இல்லாமல் திரும்பி வந்தவள்.

ஏரிக்கரையை அகலப்படுத்தத் தோண்டியபோது அந்த எலும்புகள் கிடைத்தன. ஒரு தாடை, சில பற்கள், இரண்டு நீள எலும்புகள். எலும்பு டாக்டர் என்று அவர்கள் கூப்பிடும் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "பொண்ணு. வளர்ந்து முடிக்கல. பதினாலுலேர்ந்து பதினேழுக்குள்ள இருக்கும்" என்றார். பிறகு தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இந்த வயசுல பல்லு இவ்வளவு தேயாதே. எதுக்கும் எலும்போட காலத்தையும் பாத்துடலாம்" என்று ஒரு துண்டை வெளியூருக்கு அனுப்பினார். சுத்தம்மாவின் காதில் வயது மட்டும்தான் விழுந்தது. தையல் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில்தான் அந்த ஏரிக்கரை இருக்கிறது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். முழு டி.என்.ஏ. கிடைக்கவில்லை, எல்லாம் நொறுங்கிப் போயிருந்தது. ஈர மண் அல்லவா, நொறுங்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் தாய்வழி மரபணு கிடைத்தது. அது கொஞ்சம் கெட்டி, லேசில் அழியாது. அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும். மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள் மட்டும்தான் அதைக் கைமாற்றிவிட முடியும். ஆகையால் அம்மா, பெரியம்மா, சித்தி, அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும். இயந்திரத்தால் அம்மாவையும் சித்தியையும் பிரித்துச் சொல்ல முடியாது. நம் வீட்டுப் பேச்சிலும் பெரியம்மா, சின்னம்மா என்று எல்லோரும் அம்மாதானே.

விடை வந்தபோது கணினித் திரையில் சிவப்புப் பட்டை விழுந்தது. ஆய்வகத்தில் வேலை செய்கிற எல்லோருடைய டி.என்.ஏ.வும் அதற்குள் இருக்கிறது. யாராவது தும்மி, தொட்டு, எலும்பில் தன்னுடையதை ஒட்டவைத்துவிட்டால் கணினி காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு அது காட்டிக்கொடுத்தது சுத்தம்மாவை.

அடேயப்பா, அன்றைக்கு அங்கே நடந்த கூத்து! "சுத்தம்மா சுத்தமா மாட்டிக்கிட்டாங்க" என்று ஒருவர் தொடங்க, டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். இத்தனை வருஷம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், சும்மா விடுவார்களா? அவளுக்கு முகம் செத்துப்போனது. ஆனால் உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எலும்பே போடாமல் வெறுமனே ஓட்டுகிற குழாய் ஒன்று உண்டு. அவள் எச்சில் பட்டிருந்தால் அதிலும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குழாய் பளிச்சென்று இருந்தது.

அவர்களுடைய தலைவருக்கு மறுபடி சார் என்று பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் அதுதான்.

"மறுபடி," என்றார். "நீங்க பண்ண வேண்டாம். வேற ஊர் ஆய்வகத்துல, வேற பல்லுல, உங்க முகத்தையே பாக்காதவங்க பண்ணட்டும்."

பண்ணினார்கள். அதே விடை வந்தது. மறுபடி சார் கதவைச் சாத்திவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"உங்க சித்தி விஷயம் எனக்குத் தெரியும்," என்றார். "தாய்வழியில இப்படி ஒரு வகை நம்ம கணினியில உங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு. அதையும் பாத்தேன்."

"அப்போ சித்திதானே சார்?"

"அவசரப்படாதீங்க. கணினியில இருக்கிறது யாரு? டவுன்ல இருக்கிற சில ஆயிரம் பேர். ஏரியைச் சுத்தி காலங்காலமா இருக்கிற ஜனங்ககிட்ட யாரு போய் எச்சில் வாங்கினா? அங்க வீட்டுக்கு ஒருத்தர்கிட்ட இது இருக்கலாம். நம்மகிட்ட இல்லைங்கிறதால ஊர்லயே இல்லைன்னு ஆயிடுமா? காலம் பாக்க அனுப்பியிருக்கு, வரட்டும். அதுவரைக்கும் வீட்டுல வாயைத் திறக்காதீங்க."

"சரி சார்," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

வீட்டுக்குப் போனாள். அம்மா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். "செருப்ப உள்ள விடு, மழை வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லும்போதும் கண் தெருவில்தான் இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் சுத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் எலும்புப் பொடியை ஊசி முனையளவு சிந்தாதவள், சொல்லைச் சிந்திவிட்டாள்.

"அம்மா, சின்னது கிடைச்சுட்டா."

அம்மா அழவில்லை. "எங்கே?" என்றாள். "ஏரிக்கரையில" என்றதும், "வீட்டுக்கு வந்துட்டு இருந்திருக்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு போய்ப் படுத்தாள். விளக்கு வைக்கும் முன்னால் அம்மா தூங்கி மகள் பார்த்ததே இல்லை. மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அம்மா தூங்கிக்கொண்டே இருந்தாள்.

எழுந்தபின் அம்மா பேசத் தொடங்கினாள். முன்பெல்லாம் "சின்னது இருந்தா இப்படிச் சொல்லியிருப்பா, அப்படிச் சிரிச்சிருப்பா" என்பாள். இப்போது "சின்னது பெரிய வாயாடியா இருந்தா" என்றாள். பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஒரு 'இருந்தா'வில் ஆள் திரும்பி வரலாம், இன்னொன்றில் வரமாட்டாள். அம்மா ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறிவிட்டதை மகள் கவனித்தாள். சின்னது கணக்குப் பரீட்சை அன்று காய்ச்சல் வர வேண்டுமென்று வெங்காயத்தை அக்குளில் வைத்துக்கொண்டு படுத்த கதை. நாற்றம் தாங்காமல் வீடே எழுந்துகொண்ட கதை. சொல்லிக்கொண்டே அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடி மகளைப் பார்த்தாள். நேராக, முகத்தைப் பார்த்தாள்! அந்தச் சில நாட்கள் சுத்தம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு ஓர் அம்மா கிடைத்திருந்தாள்.

பிறகு வெளியூரிலிருந்து விடை வந்தது. மறுபடி சார் தானே எழுந்து அவள் மேசைக்கு வந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூவாயிரம் வருஷம்," என்றார்.

"என்ன சார்?"

"அந்தப் பொண்ணு செத்து ஏறக்குறைய மூவாயிரம் வருஷம் ஆகுதும்மா."

மறுபடி பார்க்கலாமா என்று இந்த முறை அவள்தான் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நம்ம ரெண்டு பேருக்குமே தோணியிருக்கணும்," என்றார். "தாய்வழி வகை ஆயிரக்கணக்கான வருஷம் ஓரெழுத்துகூட மாறாமலே வரலாம். எல்லாரும் போய்ச் சேர்ந்துடுவாங்க. அது மட்டும் பொண்ணுலேர்ந்து பொண்ணுக்கு வந்துட்டே இருக்கும். வீட்டுல சொல்லலையே?"

அவள் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். அவர் புரிந்துகொண்டு எழுந்து போனார்.

அன்றைக்கு அவள் பஸ் ஏறாமல் நடந்தே வந்தாள். மழை விட்ட சாயங்காலம். தெரு முழுக்க மங்கலான மஞ்சள் வெளிச்சம். பழக்கடைக்காரி தாடையை உயர்த்தி யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தாடையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. சைக்கிளில் போனவன், பள்ளி விட்டு வந்த பெண்கள், கடைவாசலில் கொட்டாவி விட்ட கிழவர், இவர்களில் யாருக்குள் அந்தத் தாய்வழி இருக்கிறதோ, யார் கண்டது? நடக்க நடக்கத் தெருவில் கூட்டம் கூடுவது போலிருந்தது. அவளுக்கு முன்னால் அம்மா, அம்மாவுக்கு முன்னால் அவளைப் பெற்றவள், அவளுக்கு முன்னால் பெயர் தெரியாத ஒருத்தி. ஒருத்தி இடுப்பில் பிள்ளை, ஒருத்தி தலையில் விறகு, ஒருத்திக்கு நிறைமாதம். பேச்சு புரியவில்லை, கட்டியிருந்த துணியும் வேறாக இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்காமல் ஏரிப் பக்கமாக நடந்துகொண்டே இருந்தார்கள். ஆண்பிள்ளை மட்டும் பெற்றவர்கள், பிள்ளையே பெறாதவர்கள் எல்லாம் ஓரமாக நின்றுவிட்டார்கள். ஒரு ஜனம் என்பது இப்படித்தான் மாறிக்கொண்டே போகிறது. யாரும் திட்டம் போடுவதில்லை. ஒரு வீட்டில் மகள் பிறக்கிறாள், ஒரு வீட்டில் பிறப்பதில்லை, சில நூறு வருஷம் போனால் ஊரின் முகமே வேறாகிவிடுகிறது. தானும் ஓரமாக நிற்கப் போகிறவள்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதில் வருத்தம் இல்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. கொடுத்ததைப் பிடுங்க வேண்டும். மறுபடி ஜன்னல், மறுபடி தெரு. அந்த முகம் இனி அவள் பக்கம் எதற்குத் திரும்பும்?

அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சுத்தம்மா கால்கூடக் கழுவாமல் எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்ததுமே அம்மாவின் கை நின்றது.

"அம்மா, அது சின்னது இல்ல. நான் அவசரப்பட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

அம்மா கையிலிருந்த துணியை மறுபடி உதறி மடித்தாள். "உன்னோடது பொருந்திச்சுன்னு சொன்னியே."

"பொருந்துதும்மா. ஆனா அந்தப் பொண்ணு மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவ. நம்ம வழிதான், அது நிச்சயம். சின்னது மட்டும் இல்ல."

கத்துவாள் என்று மகள் எதிர்பார்த்தாள். திட்டினாலாவது நன்றாக இருந்திருக்கும். அம்மா மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு, கல்யாண வீட்டில் தெரியாத முகத்தைப் பார்த்து விசாரிப்பது போல ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ அவ நமக்கு என்ன முறை?"

"முறையா? மூவாயிரம் வருஷம்மா! பாட்டிக்குப் பாட்டி, அவளுக்கும் பாட்டின்னு வேணா வச்சுக்கோ."

"பாட்டின்னா பிள்ளை பெத்திருக்கணும். பெத்தாளா?"

"இருக்காது. ரொம்பச் சின்னப் பொண்ணு. வளர்ந்தே முடிக்கலைன்னுதான் டாக்டர் சொன்னார்."

"அப்போ எப்படி அவ பாட்டி ஆவா?" அம்மாவுக்குச் சட்டென்று எரிச்சல் வந்தது. "இவ்வளவு படிச்சிருக்க, முறை சொல்லத் தெரியலையே! அவ பெக்கலைன்னா அவ கூடப்பொறந்தவ யாரோ பெத்திருக்கா. அந்த அக்கா வழியாத்தான் நம்ம வந்திருக்கோம். அப்படின்னா இவ சித்தி."

அக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அந்தப் பெண்ணுடைய அம்மாவின் தங்கை பெற்றவளாகவும் இருக்கலாம் என்றெல்லாம் சொல்லச் சுத்தம்மாவுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை.

"ஆமாம்மா," என்றாள். "சித்தி முறைதான்."

அம்மா துணிகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சுவர் அலமாரியைத் திறந்து, மகளுக்கு முதுகைக் காட்டியபடி அடுக்கத் தொடங்கினாள்.

"தங்கச்சி போனதுக்கு அப்புறமும் அந்த அக்கா பிள்ளை பெத்திருக்கா," என்றாள்.

"ஆமா."

"பெத்து, பால் குடுத்து, வளத்திருக்கா. இல்லைன்னா நான் ஏது, நீ ஏது?" ஒரு துணியை வைத்தாள், எடுத்தாள், அதே இடத்தில் திரும்ப வைத்தாள். "பிள்ளை முகத்தைப் பாத்து அவ சிரிச்சிருப்பாளா?"

"சிரிச்சிருப்பாம்மா. சிரிக்காம எப்படி இருந்திருப்பா?"

"நான் சிரிக்கல."

அம்மா அடுத்த துணியை எடுத்து வைத்தாள்.

"சின்னதைத் தேடி ஏரியில ஆள இறக்கியிருந்தாங்க. அந்த நேரத்துலதான் நீ பொறந்த. துடைச்சுக் கொண்டுவந்து என் பக்கத்துல போட்டாங்க. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமாடி? அப்படி ஒரு சந்தோஷம் அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. தங்கச்சி தண்ணிக்கு அடியில கிடக்கிறாளோ என்னவோ, நான் இங்க சிரிக்கிறேனேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. அதான் உன்னைப் பாக்காம சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அப்புறம் எத்தனையோ தடவை திரும்பலாம்னு நினைச்சேன். எப்படின்னு தெரியல."

சுத்தம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கழுவாத கையாலேயே முகத்தைத் துடைத்தாள்.

"இப்போ திரும்பும்மா," என்றாள்.

அம்மா திரும்பினாள்.